அவசரம்: ரெண்டு பீக் வரணும், ஒன்னுதான் வருது (எஸ்எச்எஸ், அதாவது ஸ்பேஷியல் ஹெட்டரோடைன் ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒளியோட அலைநீளங்களைப் பிரிச்சுக் காட்டுற கருவி)

பட்டர்வொர்த்_பையன்: அண்ணன்மாரே, பைனல் இயர் புராஜெக்ட். மைக்கல்சன் இன்டர்பெரோமீட்டர் (ஒளியை ரெண்டாப் பிரிச்சுத் திரும்பச் சேர்க்கிறது) மாதிரிதான், கண்ணாடிக்குப் பதிலா ரெண்டு கிரேட்டிங் (நெருக்கமா கோடு கீறின தகடு). எதுவும் நகராது. கேமராவில பிரிஞ்ச் (வெளிச்ச, இருட்டுப் பட்டை) அழகா விழுது, எப்எப்டி (பட்டை எவ்வளவு நெருக்கம்னு பிரிச்சுக் காட்டுற கணக்கு) போட்டா ஒரே பீக். வெள்ளிக்கிழமை காட்டணும். உதவி!

ஈப்போ_ரோடு: எந்த விளக்கு? கிரேட்டிங் எத்தனை கோடு? லிட்ரோ (கிரேட்டிங்கில பட்டு வந்த வழியே திரும்புற அலைநீளம்) எங்க வச்சீங்க? ஜோசியமா பார்க்கிறது?

ஆயர்_ஈத்தாம்: ஏர்கோனை அடைச்சிட்டுப் பாருங்க தம்பி. கம்ப்ரஸர் அதிர்வு பொல்லாதது.

ஒளியியல்_வாத்தியார்: அடிப்படை தெரியாம லேப்புக்குள்ள வந்துடுறாங்க. பிரிதிறன் (பக்கத்துப் பக்கத்து அலைநீளத்தைப் பிரிக்கிற திறன்) பத்தல. 1200 கோடு கிரேட்டிங் வாங்கு.

பட்டர்வொர்த்_பையன்: சாரி. பாதரச விளக்கு, மஞ்சள் கோட்டு ஜோடி 577.0, 579.1 நானோமீட்டர். கிரேட்டிங் மி.மீ.க்கு 300 கோடு, அகலம் 10 மி.மீ. லிட்ரோ 578, ரெண்டுக்கும் நடுவில.

செந்தூல்காரன்: நடுவில வச்சதுதான் வினை! லிட்ரோவில பிரிஞ்சே இருக்காது. அதைவிட்டு அலைநீளம் விலக விலக பிரிஞ்ச் நெருங்கும். ஆனா எந்தப் பக்கம் விலகுச்சுன்னு கேமராவுக்குத் தெரியாது. உங்க ரெண்டு மஞ்சள் கோடும் லிட்ரோவுக்கு ஏறக்குறைய சம தூரம். ரெண்டுமே சுமார் 11 பிரிஞ்ச், ஒன்னு மேல ஒன்னு. எண்ணிப் பாருங்க.

வாத்தியார் சொன்ன பிரிதிறன்: ரெண்டு கிரேட்டிங்கிலும் வெளிச்சம் படுற மொத்தக் கோடு 6000, அதான் கணக்கு. இந்த ஜோடிக்குப் பிரிதிறன் 300 இருந்தாலே போதும். ரெண்டு கிரேட்டிங்கோட சாய்வையும் 0.07 டிகிரி குறைச்சு லிட்ரோவை 570க்குக் கொண்டு போங்க. 73, 94 பிரிஞ்ச் பக்கம் தனித்தனியா வரும். பாதரசத்தோட 546 பச்சைக் கோட்டை பில்டர் வச்சு வெட்டுங்க, இல்லாட்டி அதுவும் மடிஞ்சு உள்ள வரும்.

ஈப்போ_ரோடு: ஒரு கிரேட்டிங்கை லேசா மேல்கீழா சாய்ச்சு 2டி எப்எப்டி போட்டாலும் பக்கம் தெரிஞ்சிடும்.

ஒளியியல்_வாத்தியார்: நகராத கருவிக்கு 0.07 டிகிரி திருகணுமாம், நல்லாயிருக்கு. சாதா ஸ்லிட் (குறுகலான பிளவு) ஸ்பெக்ட்ரோமீட்டர் போதாதா?

ஆயர்_ஈத்தாம்: அலைன்மென்ட் (முதல்ல ஒரு தடவை சரி பண்றது) வேற, ஸ்கேன் (அளக்கும்போது நகர்த்துறது) வேற சார். 2019ல போன ஐகான் செயற்கைக்கோள்ல மைட்டிங்கிற கருவி இதே குடும்பம். மேல போய் யாரு திருகுறது?

செந்தூல்காரன்: பாதரச விளக்குக்கு ஸ்லிட் போதும். வானொளி (மேல் வளிமண்டலத்தோட மெல்லிய ஒளி) மாதிரி மங்கலுக்கு ஸ்லிட் வச்சா மிஞ்சுறது என்ன?

ஒளியியல்_வாத்தியார்: விளக்கைப் பத்தித்தானே பேச்சு? வானத்துக்கு ஏன் போறீங்க?

ஆயர்_ஈத்தாம்: யாராச்சும் சொல்லுங்க, மைக்ரோமீட்டர் மவுண்ட் ஜாலான் பாசார்ல கிடைக்குமா?

ஈப்போ_ரோடு: அங்க எலக்ட்ரானிக்ஸ்தான் அண்ணே.

பட்டர்வொர்த்_பையன்: ரெண்டு பீக் வந்துருச்சு. பில்டர் இரவல். தேங்க்ஸ் செந்தூல் அண்ணே.

ஈப்போ_ரோடு: எத்தனை நானோமீட்டர் பில்டர்? எங்க செட்டப்புக்கும் வேணும்.

ஈப்போ_ரோடு: தம்பி?