புதுப்பிப்பு: காற்று வைப்பரைக் கழற்றி எலக்ட்ரிக் மாட்டியாச்சு
கனடாவின் கொக்கிஹாலா மலைப்பாதையில் ஈரப்பனி கொட்டும்போது என் 80களின் நீள மூக்கு டிரக்கில் காற்று வைப்பர் (கம்ப்ரஸர் காற்றில் ஓடுவது) பாதிக் கண்ணாடியிலேயே நின்றுவிடுகிறது, மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன், இப்போது கனத்த பனியையும் ஒரே சீராகத் தள்ளுகிறது.

இரண்டு பக்கமும் தனித்தனி 12 வோல்ட் மோட்டார். இதில் முக்கியம் பார்க் வயர்தான்: சுவிட்சை அணைத்த பிறகும் அதில் கரண்ட் இருந்தால்தான் பிளேடு கீழே வந்து படுக்கும், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். எர்த்தை பெயின்ட் அடித்த தகட்டில் நம்பி விடாதீர்கள், தனி வயர் இழுங்கள். அப்புறம், வைப்பர் கையை முழுசாக இறுக்கும் முன் கண்ணாடியை நனைத்து ஓடவிட்டு, பிளேடு இரண்டு கண்ணாடிக்கும் இடையிலுள்ள நடுத்தூணில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

பழைய காற்றுக் குழாயை மடக்கிக் கட்டினால் போதும் என்று ஒருவர் சொன்னார், எனக்கு உடன்பாடில்லை, பிரேக்குக்கும் அதே கம்ப்ரஸர் காற்றுதானே! குழாய் கிளம்பும் இடத்திலேயே பித்தளை பிளக் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வராததைப் பார்த்த பிறகுதான் டேஷ்போர்டை மூடினேன். ஃபியூஸ் அளவு கேட்டவருக்கு: மோட்டாரோடு வரும் தாளில் உள்ளதையே போடுங்கள்.