பீஓஎஸ்ஸைப் பழைய கணினியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டுமா?

பழந்தட்டு:
450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினி ஒன்றில், பீஓஎஸ் (BeOS) என்ற பழைய இயங்குதளத்தின், 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பை நிறுவியிருக்கிறேன். இதில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனிக்கோப்பு. அனுப்பியவர், பொருள், படித்தாயிற்றா இல்லையா என்பவை அந்தக் கோப்போடு ஒட்டிய பண்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. படிக்காத மடல்களைத் தேடி அந்தச் சாளரத்தை மூடாமல் வைத்துவிட்டு, வேறிடத்தில் ஒரு மடலைத் திறந்து படித்தேன். படித்த கணமே அது பட்டியலிலிருந்து தானாக விலகிக்கொண்டது. இத்தகைய இயங்குதளங்களை அவற்றின் காலத்துக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நிரல்வாணன்:
மாற்றுக் கருத்துக்கு மன்னிக்கவும். பீஓஎஸ் தோற்றதற்குக் காரணம் காலத்தின் சதி மட்டுமல்ல. ஒரே பயனருக்காக எழுதப்பட்ட அதில் பயனர்களைப் பிரித்துக் காக்கும் பாதுகாப்பே கிடையாது. வன்பொருள்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களும் குறைவு. 1996 டிசம்பரில் ஆப்பிள் தன் அடுத்த இயங்குதளத்துக்காக, இதை விடுத்து ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. 2001இல் கையடக்கக் கணினிகள் செய்த பாம் நிறுவனம், இதை உருவாக்கிய நிறுவனத்தின் உடைமைகளை 1.1 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. வரலாறு தீர்ப்பளித்துவிட்ட ஒன்றுக்கு இத்தனை உழைப்பு ஏன்?

பழந்தட்டு:
விற்பனையில் தோற்றது உண்மைதான். ஆனால் கோப்புகளைப் பண்புகளோடு சேமித்துத் தேடித் தரும் அதன் கோப்பு முறைமையை வடிவமைத்தவர்களுள் ஒருவரான டொமினிக் ஜியாம்பவோலோ பின்னர் ஆப்பிளில் சேர்ந்து ஸ்பாட்லைட் தேடலில் பணியாற்றினார். 2005 முதல் மேக் பயனர்கள் நாள்தோறும் கையாளும் வசதி அது. சந்தை கைவிட்டதாலேயே கருத்து செத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

நிரல்வாணன்:
அப்படியானால் என் வாதம் இன்னும் வலுப்படுகிறது. கருத்து வேறிடத்தில் வாழ்கிறது. பீஓஎஸ்ஸின் வழியில் 2001இல் தொடங்கிய ஹைக்கூ என்ற திறமூல இயங்குதளமும் இன்றைய கணினிகளில் ஓடுகிறது. மதர்போர்டில் மின்கலம் கசிந்து பச்சை பூத்துக் கிடக்கும் பெட்டியை, 1 ஜிபிக்கு மேல் நினைவகம் இருந்தால் தொடங்கவே மறுக்கும் ஓர் இயங்குதளத்துக்காகத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவை என்ன?

பழந்தட்டு:
தேவை அங்கேதான் இருக்கிறது. பீஓஎஸ்ஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி இழை (thread), அதாவது மற்றவற்றுக்குக் காத்திராமல் தனியே ஓடும் வேலைத்தொடர், உண்டு. ஒரு நிரல் கணக்கில் மூழ்கியிருந்தாலும் அதன் சாளரம் சுட்டிக்கு உடனே பதில் தரும். இன்றைய கணினியின் வேகத்தில் எந்த இயங்குதளமும் வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோல் தோன்றுவதால், அந்த வடிவமைப்பின் பயன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு காணொளிகளை ஓடவிட்டு மூன்றாவது சாளரத்தை இழுத்துப் பார்த்தேன், படம் நிற்கவில்லை. அதே பெட்டியில் விண்டோஸ் 98இல் இதையே செய்தபோது படம் விட்டுவிட்டு ஓடியது. பற்றாக்குறையில்தான் ஒரு வடிவமைப்பின் தரம் வெளிப்படுகிறது.

நிரல்வாணன்:
ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதையே அன்றாடக் கணினியாக்கும் ஆர்வத்தைத்தான் மறுக்கிறேன். அருள்கூர்ந்து அதை இணையத்தோடு இணைக்காதீர்கள்.

பழந்தட்டு:
இணைக்கவில்லை. நிறுவிய அன்றே வலைக்கம்பியைக் கழற்றிவிட்டேன். கோப்புகளையெல்லாம் குறுந்தட்டில் எழுதித்தான் கொண்டுபோகிறேன்.