சொத்து வரி கட்டியாச்சு, தெரு ரோட்டுக்கு ஏன் கோட்டையைப் பார்க்கணும்?

வார்டுவாசி:
போன வாரம்தான் அரையாண்டு சொத்து வரி கட்டினேன். சென்னையில் எங்கள் தெருவில் குழாய் போடத் தோண்டி, ஜல்லியைக் கொட்டி மூடிவிட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. காய்கறி வண்டிக்காரர் உள்ளே வருவதில்லை, முனையிலேயே நின்று குரல் கொடுக்கிறார். விசாரித்தால் "கோட்டையிலிருந்து பணம் வரணும் சார்" என்கிறார்கள். சொத்து வரி, தொழில் வரி எல்லாம் மாநகராட்சிக்குத்தானே போகிறது? அப்புறம் மாநில அரசு எதற்கு நடுவில்?

பழைய கணக்கு:
வெளியூர் நகராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். நீங்கள் கட்டும் வரி மட்டும் போதாது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருகிறது, அதை ஊராட்சிகளும் நகரங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சொத்து கைமாறும்போது வசூலாகும் முத்திரைக் கூடுதல் வரியிலும் பங்கு உண்டு. அந்தப் பணம் வராத மாதம் எங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடவே கை நடுங்கும். சரி, சொந்த வரியையே ஏற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். சென்னையில் 1998இல் ஏற்றியது, 2018இல் ஏற்றி மறு வருஷமே நிறுத்தி வைத்தார்கள், 2022இல்தான் மறுபடி ஏறியது. எல்லாம் மாநில அரசின் உத்தரவில்தான்.

அடையாறு காற்று:
பணம் பாதிக் கதைதான். கமிஷனரை நியமிப்பது மாநில அரசு. குடிநீரும் கழிவுநீரும் 1978இலிருந்து தனி வாரியம். பெரிய கட்டடத்துக்கு அனுமதி வேண்டுமா, மாநில அரசின் கீழ் இருக்கும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). மேயர் கையில் மிச்சம் என்ன? 2016 முதல் 2022 வரை கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகள்தான் ஓட்டினார்கள், தேர்தல் நடக்காததால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. காசு கொடுத்துச் சாவியையும் தானே வைத்துக்கொள்வதற்குப் பெயர் ஆதரவா?

பழைய கணக்கு:
கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் காசு இல்லாவிட்டால் சின்ன ஊர்களில் தெருவிளக்கே எரியாது, அதையும் சொல்லுங்கள். வார்டுவாசி, தோண்டுகிறவர்கள் ரோட்டைச் சரிசெய்ய மாநகராட்சிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் தெருவுக்குக் கட்டினார்களா என்று மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ஏரியா சபை, அதாவது உங்கள் பகுதி மக்கள் கூட்டம், கூடினால் அங்கேயும் கேளுங்கள்.

வார்டுவாசி:
கட்டணம் விஷயம் யாருமே சொல்லவில்லையே! திங்கட்கிழமை மனுவோடு போகிறேன். காய்கறிக்காரரும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்.