ஆன்டி-ஃபாக் என்பதற்கு ‘மூடுபனித்தடுப்பி’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

வெந்நீரில் குளித்து முடித்தபின் குளியலறைக் கண்ணாடி வெளுத்துப்போய் முகம் தெரியாமல் நிற்பதைத் தவிர்க்க உதவும் பூச்சு, தெளிப்பு, மின்தகடு ஆகிய எல்லாவற்றையும் ஆங்கிலம் ஆன்டி-ஃபாக் என்ற ஒரே அடைமொழியால் சுட்டிவிடுகிறது. அதற்கு ஈடாக, கலைச்சொற்களைப் பற்றி நாம் மடல் எழுதிவரும் இவ்விழையில் இதுவரை மூடுபனித்தடுப்பி, ஆவித்தடுப்பு, ஆவிப்படல எதிர்ப்பி, ஆவிவிரட்டி என்னும் நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்காவதைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பேயோட்டுபவரின் பெயர்ப்பலகைக்குத்தான் அது பொருந்தும். மற்ற மூன்றும் ஒரே குறையை உடையவை என்பது என் கருத்து. கண்ணாடியின் மேல் என்ன நடக்கிறது என்று பாராமல், ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து அவை ஆக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் மூடுபனி. அது காற்றில் மிதக்கும் நுண்துளிகளின் திரள். பார்வை எட்டும் தொலைவு 1 கிலோமீட்டருக்கும் கீழே குறையும்போதுதான் வானிலையாளர்கள் அப்பெயரைப் பயன்படுத்துவர். குளியலறைக் காற்றிலும் சிறிது நேரம் வெண்மூட்டம் நிற்பது உண்மைதான். ஆயினும் நம்மைத் தொல்லைப்படுத்துவது அதுவன்று. கதவைத் திறந்து காற்று தெளிந்த பிறகும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு போக மறுக்கும் நீரே தொல்லை. இது மூடுபனியைவிடப் புல்நுனியில் படியும் பனிக்கே நெருங்கிய உறவு. நீராவி நிறைந்த காற்று, 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 51 கிராம் நீரைத் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். சுவரோடு ஒட்டி நின்று குளிர்ந்திருக்கும் கண்ணாடியைத் தொடும் காற்று, தன் பனிநிலைக்கும் (நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்கும்) கீழே குளிர்ந்து, மிச்சத்தை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது. எனவே ‘கண்ணாடியில் பனி பிடித்திருக்கிறது’ என்று பேச்சில் சொல்வது இயற்பியலுக்கு மாறானதன்று. ஆனால் தமிழில் பனி என்ற ஒரு சொல்லே புல்லின் மேல் படிவதையும், காற்றில் மிதப்பதையும், மலையுச்சியில் உறைந்து கிடப்பதையும் சுமந்துகொண்டிருக்கிறது. வெந்நீர் அறையில் நடக்கும் ஒன்றையும் அதன் தலையில் ஏற்றினால், படிப்பவர் குளிரைத்தான் நினைப்பார்.

அடுத்து ஆவித்தடுப்பு. இதை முன்மொழிந்த நண்பர், பூச்சு தடவிய கண்ணாடியில் ஆவி படிவதில்லை என்ற எண்ணத்தில் எழுதியிருக்கிறார். இந்த எண்ணம் பலருக்கும் உண்டு. இங்கேதான் சொல் முழுவதும் சறுக்குகிறது. சவர்க்காரத்தை மெல்லத் தேய்த்துத் துடைத்த கண்ணாடியிலும், தேய்க்காத கண்ணாடியிலும் நீர் படியத்தான் செய்கிறது. படியும் அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது அது படியும் வடிவம். எண்ணெய்ப் பிசுக்கும் கைத்தடமும் ஏறிய கண்ணாடியில் நீர் தன் பரப்பு இழுவிசையால் சுருண்டு, எண்ணற்ற நுண்துளிகளாகத் தனித்தனியே நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒளியைத் தன் போக்கில் வளைத்துச் சிதறடிக்கிறது. துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை ஆகையால் எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரேபோல் சிதறி, கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகின்றன. முகம் பார்க்கும் கண்ணாடியில் இன்னொரு கெடுதலும் உண்டு. வெள்ளிப்பூச்சு பின்புறம் இருப்பதால் ஒளி இத்துளிகளை உள்ளே போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையுமாக இருமுறை கடக்கவேண்டியிருக்கிறது. அறை வெப்பநிலையில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 73 மில்லிநியூட்டன். சவர்க்காரமோ சலவைப்பொருளோ கலந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதன்பின் துளிகள் சுருண்டு நிற்க முடியாமல் பரவி, ஒன்றோடொன்று கலந்து, ஒரே சீரான மெல்லிய நீர்ப்பரப்பாக ஆகிவிடுகின்றன. நீர் அங்கேயே இருக்கிறது, முகமும் தெரிகிறது.

இது புதிய செய்தியன்று. கண்ணாடியில் மூச்சை ஊதும்போது தோன்றும் படிவுகளைப் பற்றி இயற்பியலாளர் ரேலே பிரபு 1911-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு தீச்சுவாலையை ஓட்டிவிட்டுப் பின்னர் ஊதினால், சுவாலை சென்ற தடத்தில் நீர் தெளிந்த படலமாகவும் மற்ற இடங்களில் வெண்மையான நுண்துளிகளாகவும் படிகிறது. வீட்டிலேயே இதைக் காணலாம்: வெளுத்த கண்ணாடியில் குழந்தை விரலால் எழுதிய பெயர் உலர்ந்ததும் மறைந்து, மறுநாள் குளியலின்போது மீண்டும் எழுந்து நிற்கும். விரல் விட்டுச்சென்ற பிசுக்கு, நீர் அந்தக் கோட்டில் படியும் விதத்தையே மாற்றிவிட்டது.

இதனால்தான் ஆவிப்படல எதிர்ப்பி என்ற சொல் எனக்கு மூன்றிலும் மிகத் தவறானதாகப் படுகிறது. படலம் நம் எதிரியே அன்று. படலம் உண்டாவதுதான் தீர்வு. துளித்துளியாகப் படிவதைத் துளிப்படிவு என்றும் பரவிப் படிவதைப் படலப்படிவு என்றும் பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில், நோய்க்கு மருந்தின் பெயரை வைத்துவிட்டால் பாடம் எழுதுபவர் திண்டாடிப் போவார். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடியைப் பற்றி எழுதும்போது இது உடனே வெளிப்படும். அப்பூச்சின்மேல் புறஊதா ஒளி பட்டால் நீரின் சேர்கோணம் (துளியின் விளிம்பு பரப்போடு ஆக்கும் கோணம்) சுழியை நெருங்குகிறது என்று 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். நீர் அதன்மேல் துளியாகவே நிற்பதில்லை. ‘ஆவிப்படல எதிர்ப்பிப் பூச்சின்மேல் நீர் படலமாகப் படிகிறது’ என்று எழுதிப் பாருங்கள், சொல்லின் நிலைமை தெரியும். (வெயில் எட்டாத குளியலறையில் இப்பூச்சு தன் ஆற்றலைச் சிறுகச் சிறுக இழந்துவிடும் என்பது வேறு கதை.)

ஆகவே நாம் பெயரிட வேண்டியது ஆவிக்கோ பனிக்கோ படலத்துக்கோ அன்று. அவற்றால் கண்ணாடிக்கு நேரும் நிலைக்கு. அந்த நிலைக்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘கண்ணாடி மங்கிவிட்டது’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். எனவே மங்கல் என்பதையே அடிச்சொல்லாகக் கொள்ளலாம் என முன்மொழிகிறேன்.

ஆனால் மங்கல் தடுப்பு, மங்கல் நீக்கி என்று இரு சொற்களை அடுக்கிவிடுவதோடு வேலை முடிந்துவிடாது. இலக்கணப்படி புணர்த்தினால் முன்னது மங்கற்றடுப்பு என்றும் பின்னது மங்கனீக்கி என்றும் ஆகும். இவற்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் துணிவு எனக்கில்லை. புணர்த்தாமல் விட்டால், மங்கல என்று தொடங்கும் நல்வாக்குகளோடு கண் ஒருகணம் குழம்பும். ஈற்றைக் குறைத்து மங்குநீக்கி என்றாலோ, முகத்தில் படரும் மங்குக்குப் போடும் களிம்பு என்று தோன்றும். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் இக்குழப்பம் மிகவும் இயல்பாகவே நேரும்.

உண்மையில் எதிர், தடுப்பு, எதிர்ப்பி என்று ஓர் ஒட்டைத் தேடி அலைவதே நமக்குத் தேவையற்ற வேலை. ஆங்கிலம் முன்னொட்டால் சொல்வதைத் தமிழ் பெரும்பாலும் எதிர்மறைப் பெயரெச்சத்தால் சொல்லிவிடும். வாடாமல்லியை வாடல் எதிர்ப்பு மல்லி என்றோ, அணையா விளக்கை அணைவுத்தடுப்பு விளக்கு என்றோ எவரும் சொன்னதில்லை. அதே வழியில் மங்காக் கண்ணாடி, மங்காப் பூச்சு, மங்காத் தெளிப்பு என்று ஆக்கினால் சொல் குறுகியதாகவும், ஓசை இடறாததாகவும், முதன்முறை கேட்பவருக்கே விளங்குவதாகவும் அமைகிறது. பண்பைக் குறிக்க மங்காமை போதும். இச்சொற்கள், ஆவி வராது என்றோ நீர் படியாது என்றோ பொய்வாக்கும் தரவில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியைக் குறிக்கும் ஆடி என்ற பழஞ்சொல்லைக் கொண்டு வரலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். குறுந்தொகையின் 8-ஆம் பாடலிலேயே ஆடிப்பாவை வருகிறது; குழியாடி, குவியாடி என்று பாடநூல்களிலும் அது நிலைத்துவிட்டது. ஆனால் மங்கா ஆடி என்பதை உடம்படுமெய்யோடு எழுதினால் மங்காவாடி ஆகிவிடுகிறது. மேலும் இப்பண்பு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மட்டும் உரியதன்று. நீச்சல் கண்ணாடிக்கும், தலைக்கவசத்தின் முகமறைப்புக்கும், ஒளிப்படக் கருவியின் வில்லைக்கும் இதே சொல் பயன்படவேண்டும். 1966 ஜூன் மாதத்தில் ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியேறி விண்ணில் மிதந்த யூஜின் செர்னனுக்கு, முகமறைப்பு உட்புறம் மங்கிப்போய் எதிரே இருப்பது தெரியாமல் வேலையைப் பாதியில் விடவேண்டியதாயிற்று. அங்கே ஆடி ஏது? மங்காமை என்ற பண்புப்பெயர் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும்.

தங்கள் கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

மறுமொழி

ஐயா, வணக்கம். தங்கள் மடலைப் படித்தபின் மூடுபனித்தடுப்பி என்ற என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆயினும் மூன்று ஐயங்கள். முதலாவது, பழைய கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு கெட்டு ஓரம் கறுப்பதையும் மங்குதல் என்றுதானே சொல்கிறோம்? மங்காக் கண்ணாடி என்றால், வாங்குபவர் அது நெடுநாள் கெடாது என்று பொருள்கொள்ள மாட்டாரா? இரண்டாவது, கண்ணாடியின் பின்புறம் ஒட்டும் மின்தகடு நீர் படிவதையே தடுத்துவிடுகிறது; பூச்சோ நீரைப் படியவிட்டுப் பரப்புகிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது தகுமா? மூன்றாவது, டீஃபாகர் என்பதற்குத் தாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நீரை விலக்கும் பூச்சுகளும் ஆன்டி-ஃபாக் என்ற பெயரில் விற்கப்படுகின்றனவே, அவற்றையும் கணக்கில் கொள்ளவேண்டாமா?

மறுமொழிக்கு மறுமொழி

அம்மா, முதல் ஐயம் மிகச் சரியானது. நான் அதைக் கவனிக்கத் தவறினேன். அகராதிப் பதிவில் ஆவிமங்கல் என்றும் ஆவிமங்காமை என்றும் முழு வடிவம் தருவோம்; ஆவியால் நேரும் மங்கல் என்று அது விரியும். முன்பு ஆவியை நான் ஒதுக்கியது அதைத் தடுப்பதாகச் சொன்னதற்காகவே. காரணமாகச் சொல்வதில் பிழையில்லை. பொருட்பெயர்களில், சூழல் தெளிவாக இருக்கும் இடத்தில், மங்காப் பூச்சு என்ற குறுவடிவமே போதும். வெள்ளி கெடுவதற்குக் கறுத்தல் என்ற சொல் பேச்சிலேயே இருக்கிறது. அதற்கு அதை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது ஐயத்துக்கு என் விடை இது. மின்தகடு கண்ணாடியைப் பனிநிலைக்கு மேலே வைத்திருப்பதும், வெளியேற்று விசிறி ஈரக்காற்றை அகற்றிப் பனிநிலையையே கீழே இறக்குவதும் படிவைத் தவிர்க்கும் வழிகள். சவர்க்காரமும் நீர்விருப்புப் பூச்சும் படிவை ஏற்றுக்கொண்டு அதன் வடிவை மாற்றும் வழிகள். மங்காமை என்பது இரண்டுக்கும் பொதுவான விளைவு; ஆகையால் அது தலைச்சொல்லாக நிற்கட்டும். அதன் கீழ் முன்னதைப் படிவுத்தவிர்ப்பு என்றும் பின்னதைப் படிவுப்பரப்பல் என்றும் வகைப்படுத்தலாம். நீர்விலக்குப் பூச்சை இவற்றில் எதிலும் சேர்க்க நான் தயங்குகிறேன். ஓடும் வண்டியின் முன்கண்ணாடியில் விழும் மழைத்துளியை அது உருட்டிவிடும், ஏனெனில் துளி பெரியது, காற்றும் தள்ளுகிறது. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் நுண்துளி தன் எடையால் வழியும் அளவுக்கு வளர நேரமாகும். அதுவரை கண்ணாடி முன்னைப் போலவே வெளுத்துத்தான் இருக்கும். விற்பவர் எப்பெயரை ஒட்டினாலும் கலைச்சொல் அதற்கு உடன்பட வேண்டியதில்லை.

டீஃபாகர், ஏற்கெனவே மங்கிய கண்ணாடியைத் தெளியவைப்பது. எனவே தெளிவிப்பான் என்று எண்ணினேன். தெளிதல் தன்வினை, தெளிவித்தல் பிறவினை, துடைப்பான் போலவே ஈறும் பழகியது. இதில் ஒரு சிக்கலையும் நானே சொல்லிவிடுகிறேன்: தெளிப்பானோடு இது ஓரெழுத்து வேறுபாட்டில்தான் நிற்கிறது, மங்காத் தெளிப்பையோ தெளிப்பானில்தான் அடைத்து விற்கிறார்கள். கண்ணாடித் தெளிவிப்பான் என்று முன்சொல் சேர்த்து எழுதினால் குழப்பம் குறையுமா, அன்றி வேறு வினையடி ஒன்றைத் தேடவேண்டுமா என்பதை இழையில் உள்ளோர் சொல்லவேண்டும். அதுவரை ஆவிமங்கல், ஆவிமங்காமை, மங்காப் பூச்சு, படிவுத்தவிர்ப்பு, படிவுப்பரப்பல் ஆகிய ஐந்தை மட்டும் பட்டியலில் ஏற்றலாம். டீஃபாகருக்கு நேரே உள்ள இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.