அப்பத்தாவின் டேப்லெட்டில் இலவசத் தமிழ்ப் புத்தகங்கள்: எழுத்தைப் பெரிதாக்கினால் வரி வெளியே ஓடுகிறது, உதவுங்கள்

பள்ளத்தூர் பேத்தி:
வணக்கம். ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கு 8 அங்குல டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம். பொடி எழுத்து தெரிவதில்லை, இதில் பெரிதாக்கிப் படிக்கலாமே என்றுதான். ஆனால் நான் இறக்கிய பிடிஎஃப் எல்லாமே பழைய அச்சுப் புத்தகத்தின் ஸ்கேன். இரண்டு விரலால் விரித்தால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதை இழுக்கப் போனால் பக்கமே புரண்டுவிடுகிறது. "போ ஆத்தா, இதுக்குப் பூதக்கண்ணாடியே தேவலை" என்று மூடி வைத்துவிட்டார்.

'இலவச பிடிஎஃப்' என்று தேடிப் போன ஒரு தளத்தில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் புத்தகத்துக்குப் பதில் ஏபிகே கோப்பு இறங்கியது. இன்னும் திறக்கவில்லை. இன்னொரு தளம் கார்டு எண் கேட்கிறது. போதாக்குறைக்கு, வீட்டில் முகப்பைத் தாண்டினால் சிக்னல் இல்லை. அப்பத்தா உட்காருவது இரண்டாங்கட்டில்.

அவர் கேட்பது கல்கி, உ.வே.சா., கண்ணதாசன்.

செக்காலை வாசகன்:
முதலில் அந்த ஏபிகேயை அழித்துவிடுங்கள். அது புத்தகமில்லை, செயலி. நிறுவினால் வம்பு. கார்டு எண் கேட்கும் இடத்துக்கும் இலவசத்துக்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் சிக்கல் கோப்பின் வகையில் இருக்கிறது. ஸ்கேன் பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். படத்தைப் பெரிதாக்கலாம், வரியை மடிக்க முடியாது. ஈபப் கோப்பில் இருப்பது எழுத்து. அளவைக் கூட்டினால் வரி தானாக அடுத்த வரிக்கு இறங்கும். ஆகவே ஈபப் கிடைக்கும் இடமாகத் தேடுங்கள்.

தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்கள் ஏராளம். நூலின் பக்கத்திலேயே ஈபப்பாக இறக்கலாம். ஒன்று கவனியுங்கள்: அட்டவணைப் பக்கத்தில் பக்க எண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் மெய்ப்புப் பார்த்தவை. சிவப்பு என்றால் இன்னும் பார்க்கவில்லை, பிழை மலிந்திருக்கும். அப்பத்தா கண்ணில் பட்டால் உங்களைத்தான் திட்டுவார்.

ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (யாரும் இலவசமாகப் பகிரலாம் என்ற அனுமதியோடு) கொடுத்த நூல்கள் இருக்கின்றன. ஈபப்போடு 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் உண்டு.

படிக்க ரீட்எரா செயலி போதும், பதிவு செய்யத் தேவையில்லை. முகப்பில் உட்கார்ந்து இறக்கிவிடுங்கள், அப்புறம் இணையமே வேண்டாம்.

கோட்டையூர்க்காரர்:
கல்கி 1954இல் மறைந்தவர், உ.வே.சா. 1942இல். இங்கே பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இருவருக்கும் அது முடிந்துவிட்டது, தாராளமாக இறக்கலாம். கண்ணதாசன் நம் சிறுகூடல்பட்டிக்காரர்தான், ஆனால் மறைந்தது 1981இல். 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. சும்மா கிடைக்கும் பிடிஎஃப் பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அவரை மட்டும் அச்சில் வாங்கிக் கொடுங்கள்.

கிடைக்காத பழைய பதிப்புக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள். பெரும்பாலும் ஸ்கேன்தான், உங்களுக்கு ஆகும், அப்பத்தாவுக்கு ஆகாது. சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகமும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சேர்த்த புத்தகங்களில் தொடங்கியதுதான். பெருமைக்குச் சொல்லிக்கொள்கிறேன், வேறொன்றுமில்லை.

பள்ளத்தூர் பேத்தி:
ஏபிகே போயிற்று. விக்கிமூலத்திலிருந்து இறக்கிய கல்கி ஈபப் ரீட்எராவில் அருமையாகத் திறக்கிறது. பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிதான் வருகிறது, அப்பத்தாவுக்கு அது போதுமாம். ஆனால் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தளத்தில் ஒரு பழைய பக்கத்தைத் திறந்தால் தமிழே இல்லை, ஏதோ ஐரோப்பிய எழுத்தும் குறியுமாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

செக்காலை வாசகன்:
கெடவில்லை. அவர்கள் 1998 பொங்கலில் தொடங்கியவர்கள். இன்று எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடு குறியாக்கம் அப்போது தமிழுக்குப் புழக்கத்தில் இல்லை, பிறகு வெகுகாலம் திஸ்கி என்ற குறியாக்கத்தில் போட்டார்கள். அதற்கான எழுத்துரு உங்கள் டேப்லெட்டில் இல்லை. நூல் பட்டியலில் அதே நூலுக்கு 'யூனிகோடு' என்று தனி இணைப்பு இருக்கும், அதைத் தொடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில்தான் இருக்கிறது. கிண்டிலின் பழைய வகையான மோபி கோப்பு அனுப்பினால் ஏற்கமாட்டேன் என்கிறதே?

செக்காலை வாசகன்:
மோபி அனுப்புவதை அமேசான் நிறுத்திவிட்டது. 'சென்ட் டு கிண்டில்' என்ற அவர்கள் சேவை வழியாக ஈபப்பையே அனுப்புங்கள், அதுவே மாற்றிக்கொள்ளும்.