மே மாதத்தில் கர்வால் இமயம்: அப்பாவுடன் பறவை பார்க்கப் போகிறேன், வழி சொல்லுங்கள்

கேள்வி: சோலைக்குருவி (கோத்தகிரி)

வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய சோலை இருக்கிறது. அக்டோபரில் வடக்கிலிருந்து வரும் பறவைகளால் அது நிறைந்துவிடும். தரையோரப் புதரில் இந்தியன் ப்ளூ ராபின், மரக்கிளை நுனிகளில் வெஸ்டர்ன் க்ரௌன்ட் வார்ப்ளர், தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களில் ப்ளூ கேப்ட் ராக் த்ரஷ். ஏப்ரல் முடிவதற்குள் எல்லாம் போய்விடும். தேயிலை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாதான் இவற்றின் குரல்களை எனக்குக் கற்றுக் கொடுத்தவர். "இவை கூடு கட்டும் காட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரும் மே மாதம் அழைத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் கேட்டபோது டெல்லியில் தொடங்கி கார்பெட், சாத்தால், பாங்கோட், பின்சர், முன்சியாரி, சோப்தா என்று நீண்ட பட்டியல் அனுப்பினார்கள். எந்த ஊரிலும் இரண்டு இரவுகளுக்கு மேல் இல்லை. "அதிக இனங்கள் பார்க்கலாம்" என்கிறார்கள். அப்பாவுக்கு வயது 66. முழங்கால் வலி உண்டு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். இந்தப் பட்டியல் சரியா? இல்லை, வேறு மாதிரி போகலாமா? மோனல் என்ற வண்ணமயமான மலைக்கோழியைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அலக்நந்தா

அம்மா, வேலை நிமித்தம் உத்தராகண்டின் கர்வால் மலைப்பகுதியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிடுங்கள். கார்பெட்டிலிருந்து முன்சியாரி, அங்கிருந்து சோப்தா என்றால் பகலெல்லாம் வளைந்து வளைந்து வண்டியில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். முழங்கால் வலிக்கும் மனிதருக்கு நடையைவிட அந்த உட்காரல்தான் கொடுமை.

இமயத்தில் ஊர் மாறுவதால் பறவை மாறுவதில்லை, உயரம் மாறுவதால்தான் மாறுகிறது. ஒரே பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே மெல்ல ஏறினாலே போதும். ரிஷிகேஷ் சுமார் 350 மீட்டர். துங்கநாத் கோயில் 3,680 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவே சால் மரக்காடு, சீர் பைன், ஓக் காடு, ரோடோடெண்ட்ரான், அதற்கும் மேலே புல்வெளி என்று எல்லாம் அடுக்கடுக்காக வந்துவிடுகின்றன. ஐந்து மாவட்டம் சுற்ற வேண்டிய தேவையே இல்லை.

நான் சொல்லும் வழி இது. ரிஷிகேஷிலிருந்து தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, சமோலி வழியாக கோபேஷ்வர் போய், அங்கிருந்து மண்டல் என்ற கிராமத்தில் தங்குங்கள். பெரும்பாலோர் ருத்ரபிரயாகையிலிருந்து ஊக்கிமட் வழியாக நேராகச் சோப்தாவுக்கு ஏறிவிடுகிறார்கள். அது நேர்வழிதான், ஆனால் ஒரே நாளில் 2,700 மீட்டர் உயரத்தில் போய்ப் படுக்க வைக்கிறது. மண்டல் 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. அங்கே சில இரவுகள் தங்கினால் அப்பாவின் உடம்பு பழகும். திரும்பும்போது ஊக்கிமட் வழியாக இறங்குங்கள். அப்போது வந்த வழியே போக வேண்டியிராது.

மண்டலை வெறும் இடைத்தங்கலாக நினைக்க வேண்டாம். கர்வாலில் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் அது. அனசூயா தேவி கோயிலுக்குப் போகும் காட்டுப்பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கோயில் ஐந்து கிலோமீட்டருக்கு அருகில் இருக்கும். முழுதும் ஏற வேண்டியதில்லை. ஓடையை ஒட்டிய முதல் பகுதியில் ஒரு பாறையில் அப்பாவை உட்கார வையுங்கள். நீருக்குள் முங்கி இரை தேடும் ப்ரௌன் டிப்பர், வெள்ளைத் தொப்பி ரெட்ஸ்டார்ட், பிளவுபட்ட நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் ஸ்பாட்டட் ஃபோர்க்டெயில், கொண்டை மீன்கொத்தி என்று அவை தாமாகவே வந்து போகும். மலைத்தேனீக்களின் பெரிய அடைகள் தொங்கும் பாறைச் சரிவு கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். தேன்மெழுகைத் தின்னும் எல்லோ ரம்ப்ட் ஹனிகைடு அப்படிப்பட்ட இடத்தை விட்டு நகராது. பார்க்கச் சாதாரணமான சாம்பல் பறவைதான். ஆனால் மெழுகைச் செரிக்கத் தெரிந்த பறவைகள் உலகில் எத்தனை இருக்கின்றன?

மண்டலிலிருந்து சோப்தா போகும் சாலை முப்பது கிலோமீட்டருக்குள்தான். பெரும்பகுதி அடர்ந்த காடு, கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்தின் ஓரம். 1972-இல் கஸ்தூரி மானுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. இந்தச் சாலையை ஒரே மூச்சில் கடந்துவிடாதீர்கள். விடியும்போது கிளம்பி, ஓட்டுநரை வண்டியோடு முன்னே அனுப்பிவிட்டு இறங்கி நடங்கள். அவர் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கட்டும். அப்பா களைத்தால் ஏறிக்கொள்ளலாம். நீங்கள் தேடும் பறவைகளை இந்தச் சாலையில்தான் சந்திப்பீர்கள். கோத்தகிரியில் ப்ளூ ராபினின் 'டக், டக்' என்ற எச்சரிக்கைக் குரலைத்தான் அதிகம் கேட்டிருப்பீர்கள். மே நடுவில் இங்கே அது ஓக் காட்டின் அடிப்புதரில் உட்கார்ந்து முழுத் தொண்டையில் பாடும். உங்கள் அப்பா அதைக் கேட்டதும் யார் என்று தெரியாமல் ஒரு கணம் திகைப்பார் என்று நினைக்கிறேன். வெர்டிட்டர் ஈப்பிடிப்பானும் இங்கே எங்கு பார்த்தாலும் இருக்கும். சற்றுக் கீழே பைன் மர உச்சியில் உங்கள் ராக் த்ரஷ் பாடும்.

பூக்களையும் கவனியுங்கள். புராஸ் என்று கர்வாலிகள் சொல்லும் சிவப்பு ரோடோடெண்ட்ரான் கீழே மார்ச், ஏப்ரலிலேயே பூத்து முடிந்திருக்கும். நம் நீலகிரிக் காட்டுப்பூவரசும் அதே இனத்தின் தெற்குக் கிளைதான். மேலே மர எல்லையில் வெளிர் ஊதாப் பூ பூக்கும் வேறொரு ரோடோடெண்ட்ரான் மே மாதத்தில் மலர்ந்திருக்கும்.

மோனல் பற்றி: சோப்தாவுக்கு மேலே துங்கநாத் போகும் வழியில் உள்ள புல்சரிவுகள்தான் இடம். ஆனால் யாத்ரீகர்கள் ஏறத் தொடங்குமுன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இருட்டிலேயே கிளம்புங்கள். கொக்லாஸ் கோழி கரகரவென்று கூவுவதைச் சோப்தாவிலேயே கேட்கலாம். வெளிச்சம் வந்ததும் மோனல் சேவல்கள் சரிவில் இறங்கி வளைந்த அலகால் மண்ணைத் தோண்டித் தின்னும். வெயில் முதுகில் படும்போது அந்தப் பச்சையும் செம்பும் ஊதாவும் மாறி மாறி மின்னும். படங்களைப் பார்த்து ஏற்பட்ட எண்ணத்தை நேரில் பார்த்தால் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். உத்தராகண்டின் மாநிலப் பறவை அது.

கோயில் வரை சுமார் நான்கு கிலோமீட்டர், கல் பாவிய பாதை, ஆனால் ஏற்றம் விடாது. சோப்தாவில் மட்டக்குதிரை கிடைக்கும். அப்பாவைக் குதிரையில் ஏற்றுங்கள். கோயில் அருகே ஆல்பைன் அக்சென்டர் குருவிகளும் மஞ்சள் அலகு மலைக்காகங்களும் ஆளைக் கண்டு அஞ்சாமல் திரியும். தலைக்கு மேல் இமயப் பாறுக் கழுகு, அதிர்ஷ்டம் இருந்தால் தாடிப் பாறு. கோயிலுக்கு மேலே உள்ள சந்திரசிலா உச்சி ஏறத்தாழ 4,000 மீட்டர். அங்கே நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் போட்டு இழுக்கும் வழிகாட்டியை ஏற்காதீர்கள். மே மாதம் கூடு கட்டும் காலம். தன் எல்லைக்குள் வேறொரு சேவல் நுழைந்துவிட்டது என்று எண்ணி அந்தப் பறவை உணவையும் பெடையையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது. ஒரே சாலை வளைவில் நாளெல்லாம் குழு குழுவாக வந்து இதைச் செய்வதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. மண்டல், மக்குமட், சாரி கிராமங்களில் காட்டை அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அமர்த்தி, ஒலி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். பணமும் அந்த ஊரிலேயே தங்கும்.

பதில்: டேராடூன்வாசி

அலக்நந்தா ஐயா சொன்ன வழிதான் சரி. சாலை பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். மே மாதம் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைக் காலம். ரிஷிகேஷிலிருந்து ருத்ரபிரயாகை வரை இரண்டுக்கும் ஒரே சாலை. காலை ஐந்து மணிக்குள் ரிஷிகேஷை விட்டுவிடுங்கள். எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியம் தேவபிரயாகைக்கு முன்பே வண்டி வரிசையில் நிற்பீர்கள். இருட்டிய பிறகு மலைச்சாலையில் பயணம் வேண்டாம். ரிஷிகேஷிலிருந்து மண்டலுக்கு ஒரே நாளில் போவது அப்பாவுக்குக் கடினமாக இருக்கும். ருத்ரபிரயாகையில் ஓர் இரவு தங்கலாம்.

சோப்தாவில் பெட்ரோல் பங்க் இல்லை, கோபேஷ்வரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே விளக்கு எரிவது பெரும்பாலும் சூரிய ஒளி மின்சாரத்தில்தான். கேமரா பேட்டரிகளைக் கீழேயே சார்ஜ் செய்து, கூடுதலாகவும் எடுத்துச் செல்லுங்கள். பணத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்திலும் மதியத்துக்குப் பிறகு திடீரென்று மழையோ ஆலங்கட்டியோ வரும். ஆகவே ஏற்றமெல்லாம் முற்பகலில் முடியட்டும். ஜூன் கடைசியில் பருவமழை வந்துவிட்டால் நிலச்சரிவில் சாலை அடைபடும். பயணத்தை அதுவரை தள்ளிப் போடாதீர்கள்.

பதில்: மலைத்தேன்

நான் வேறு கோணத்தில் சொல்கிறேன். இவ்வளவு தூரம் போவதானால் அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் போங்கள். காட்டின் நடுவே ஜீப் சாலை போகிறது. நடையே அதிகம் தேவையில்லை, அப்பாவுக்கு வசதி. வானியலாளரான ரமணா ஆத்ரேயா 2006-இல் உலகுக்கு அறிவித்த புகுன் லியோசிக்லா என்ற பறவை அங்கேதான் இருக்கிறது. அங்கே வாழும் புகுன் பழங்குடி மக்கள் தங்கள் சொந்தக் காட்டையே அந்தப் பறவைக்காகச் சமூகக் காப்பகமாக்கினார்கள். இந்தியாவில் பறவை பார்ப்பவர் ஒருமுறையாவது போக வேண்டிய இடம். அந்த மாநிலத்துக்குள் நுழைவதற்கான உள்கோட்டு அனுமதி மட்டும் முன்பே வாங்க வேண்டும்.

பதில்: அலக்நந்தா

மலைத்தேன் சொல்வதில் ஒரு வார்த்தையும் மறுக்க மாட்டேன். அந்த மக்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் இவர்கள் கேட்டது வேறு. தங்கள் சோலைக்கு வரும் விருந்தாளிகளின் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வெஸ்டர்ன் க்ரௌன்ட் வார்ப்ளர் கூடு கட்டுவது மேற்கு இமயத்தில். அதைத் தேடி அருணாசலம் போக முடியாது. அங்கே கூடாரத்தில் படுப்பதும் முழங்கால் வலிக்கு ஒத்துவராது.

பதில்: செவிலி_மதுரை

பறவை பற்றி எனக்குத் தெரியாது, உயரம் பற்றிச் சொல்லலாம். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதைப் பயணக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அன்று மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். சோப்தாவிலிருந்து மண்டலுக்குச் சீக்கிரம் இறங்கலாம் என்பது உங்கள் வழியின் பெரிய பாதுகாப்பு. கிளம்புமுன் அப்பாவின் மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளையும் விட வேண்டாம். தூக்க மாத்திரை, மது இரண்டும் அங்கே கூடாது. தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

சோலைக்குருவி (கோத்தகிரி)

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஓடைப் பாறையில் உட்காருவது என்பதைக் கேட்டதும், "அது போதும், கோயிலுக்குக் குதிரையில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். சுற்றுலா நிறுவனத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மே மூன்றாம் வாரம் மண்டலில் இருப்போம்.

அலக்நந்தா ஐயா, இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஊட்டிப் பக்கம் குளிர்காலத்தில் நாங்கள் பார்க்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் இந்த வழியில் கிடைக்குமா? ஆறுமணிக் குருவியை அங்கே எங்கே கேட்கலாம்?

பதில்: அலக்நந்தா

காஷ்மீர் ஈப்பிடிப்பான் கர்வாலில் கூடு கட்டுவதில்லை அம்மா. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய மலைகளும்தான் அதன் இடம். குளிர்காலத்துக்கு நீலகிரியும் இலங்கையின் மலைநாடும். கூடு கட்ட அவ்வளவு குறுகிய ஒரு பகுதி, குளிர்காலத்துக்கு இவ்வளவு குறுகிய ஒரு பகுதி என்று இரண்டையும் நம்பி வாழும் பறவை அது. அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே உங்கள் ஊரில் அதைப் பார்க்கும்போதெல்லாம் தேதியும் இடமும் எழுதிப் பதிவேற்றுங்கள். அதைத் தேடிக் காஷ்மீர் போவது தனிப் பயணம். அடுத்த ஆண்டு கேளுங்கள், எழுதுகிறேன்.

ஆறுமணிக் குருவிக்கு மலைக்கு மேல் போக வேண்டாம். ஹரித்வாரை ஒட்டிய ராஜாஜி காப்பகத்தின் சால் காட்டில் கோடையில் வந்து கூடு கட்டும். திரும்பி வரும்போது கடைசி இரவை ஹரித்வாரில் தங்கி, விடியலில் போங்கள். ஜூன் நடுவில் காப்பகத்தை மூடுவார்கள், உங்களுக்கு நேரம் இருக்கிறது. சோப்தாவில் அறை எடுக்கும்போது சனி, ஞாயிறு இரவுகளைத் தவிர்த்துவிடுங்கள். டெல்லிக் கூட்டம் அந்த இரண்டு நாளும் பாட்டுப் பெட்டியோடு வந்து இறங்கும். திங்கட்கிழமை போனால் கொக்லாஸ் கூவுவது அறைக்குள்ளேயே கேட்கும்.