கடத்துப்புரதம்: வடிவத்தில் தொடங்குவதா, வேலையில் தொடங்குவதா?

கன்னங்குறிச்சி:
சேலத்தில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் வகுப்பு எடுக்கிறேன். போன ஞாயிறு ஏற்காட்டில் ஏரிக்கரைக் கடையில் ஒரு மூத்த ஆசிரியரோடு காப்பியும் வாக்குவாதமுமாக மூன்று மணி நேரம் போனது. மலை இறங்கியும் மனசு ஆறவில்லை. அதனால் இங்கே போடுகிறேன்.

அவர் வேலையை அளப்பதில் தொடங்கு என்கிறார். என் கட்சி இதுதான். பாக்டீரியா சவ்வில் இருந்துகொண்டு அயனி, சர்க்கரை, மருந்து போன்றவற்றை உள்ளே விடும், வெளியே தள்ளும் கடத்துப்புரதங்களை வடிவத்திலிருந்துதான் சொல்லித்தர வேண்டும். வேகக் கணக்கு, வரைபடம் எல்லாம் அப்புறம்.

கேசிஎஸ்ஏ என்ற பொட்டாசியம் சேனலை, அதாவது பொட்டாசியம் அயனி பாயும் வழியாக இருக்கும் புரதத்தைப் பாருங்கள். சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆனால் இந்தச் சேனல் பெரியதை விட்டு, சிறியதைத் தடுக்கிறது. அதுவும் நொடிக்குப் பத்துக் கோடி அயனி வரை பாயக்கூடிய வழியில்! 1998இல் ராடரிக் மெக்கின்னன் குழு அந்தப் புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் வடிவத்தைப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் நின்றது. வழியின் குறுகிய இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உள்நோக்கி வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியம் தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரைக் கழற்றிவிட்டு நுழைந்தால், தண்ணீர் இருந்த அதே தூரத்தில் இந்த ஆக்சிஜன்கள் தாங்கிக்கொள்கின்றன. சோடியத்துக்கு அந்தத் தூரம் எட்டாது. தண்ணீரைக் கழற்றினால் அதற்கு நட்டம்தான். இந்தப் படத்தைக் காட்டிய அன்று என் வகுப்பில் பின் பெஞ்சு வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூக்கனேரி:
அந்த மூத்த ஆசிரியர் நான்தான். கடையில் சொல்ல விட்டுப்போனதை இங்கே சொல்கிறேன், தம்பி.

பாரிஸில் மோனோ, கோஹன் ஆகியோரின் குழு 1956இலேயே ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, பால் சர்க்கரையான லாக்டோஸை உள்ளே சேர்த்துக்கொள்ள தனியாக ஒரு புரதம் வேண்டும் என்று காட்டிவிட்டது. பெர்மியேஸ் என்று பெயரும் வைத்தார்கள். அப்போது அந்தப் புரதத்தை யாரும் பிரித்தெடுக்கக்கூட இல்லை. கதிரியக்கச் சர்க்கரை செல்லுக்குள் எவ்வளவு போனது என்று அளந்தார்கள், அவ்வளவுதான். 1966இல் யார்டெட்ஸ்கி என்ற ஆய்வாளர் இன்னொரு படி போனார். புரதத்தின் நடுவில் ஒரு குழி, அது ஒரு சமயம் வெளிப்பக்கம் திறக்கும், மறு சமயம் உள்பக்கம் திறக்கும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறக்காது என்றார். கையில் ஒரு படமும் இல்லாமல் சொன்னது. இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் அதுதான் இருக்கிறது.

அந்தப் பெர்மியேஸின் படிக வடிவம் 2003இல்தான் வந்தது. எப்படி வந்தது? 154ஆம் இடத்தில் இருந்த சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை கிளைசீனாக மாற்றினார்கள். மாற்றிய புரதம் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கடத்துவது மிகக் குறைவு. அப்படி அசையாமல் நின்றதால்தான் படிகமே கிடைத்தது. நடக்காத ஆளைப் படம் எடுத்து நடையை விளக்குவது எனக்கு ஒப்பவில்லை.

கன்னங்குறிச்சி:
சார், அந்தப் படம் என்ன காட்டியது என்பதையும் சொல்லுங்கள். 417 அமினோ அமிலம், சவ்வைக் குறுக்கே கடக்கும் 12 சுருள்கள், ஆறு ஆறாக இரண்டு பாதி. நடுவில் சர்க்கரை, வெளிப்பக்கம் மூடி, உள்பக்கம் திறந்த குழி. 1966இல் சொன்னது ஊகமாகத்தான் இருந்தது. அதில் பாதியைக் கண்ணால் பார்த்தது 2003இல். குழி எங்கே, எந்த அமினோ அமிலம் சர்க்கரையைத் தொடுகிறது, சர்க்கரையோடு கூடவே வரும் புரோட்டானை எது ஏந்துகிறது என்று ஒரே படத்தில் விரல் வைத்துப் பேச முடிகிறது. சர்க்கரை அளவை மட்டும் வைத்து அதைப் பேச முடியாது.

அம்மாபேட்டை:
நான் ஆஸ்பத்திரி லேப்பில் கல்ச்சர் பார்க்கிறேன். இந்தப் பேச்சுக்குள் வரலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

தட்டில் ஈ.கோலையைப் பரப்பி, ஆன்டிபயாடிக் டிஸ்க் வைத்து, மறுநாள் காலையில் ஸ்கேலால் வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பேன். வட்டம் சிறுத்திருந்தால் மருந்து வேலை செய்யாது என்று ரிப்போர்ட் போகும். ஆனால் ஏன் சிறுத்தது? கிருமி மருந்தை உடைத்ததா, உள்ளே விடவில்லையா, உள்ளே வந்ததை வெளியே தள்ளியதா? தட்டு அதைச் சொல்லாது. டெட்ராசைக்ளின், குளோரம்ஃபெனிகால், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகளை ஏசிஆர்பி என்ற ஒரே பம்பு எப்படித் தள்ளுகிறது என்பது எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. 2006இல் வந்த வடிவத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. மூன்று புரதங்கள் கூடி ஒரு பம்பு. மூன்றும் ஒரே மாதிரிப் புரதம், ஆனால் ஒரு நேரத்தில் மூன்றும் மூன்று நிலையில் இருக்கின்றன. ஒன்று மருந்தை உள்ளே விடும், ஒன்று இறுகப் பிடிக்கும், ஒன்று மேலே தள்ளும். முறை வைத்து மாறிக்கொள்ளும். பிடிக்கும் பையும் பெரியது, அதனால் பல வடிவ மருந்துக்கு அதில் இடம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பம்பு பித்த உப்பையும் வெளியேற்றும். குடலில் வாழும் கிருமிக்கு அது அன்றாடத் தேவை. நாம் மருந்து கண்டுபிடித்ததற்காக வந்த பம்பு அல்ல. மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

மூக்கனேரி:
நல்ல உதாரணம், அம்மா. ஆனால் 2002இலேயே இதே ஏசிஆர்பி வடிவம் வந்திருந்தது. அதில் மூன்றும் ஒரே மாதிரி நின்றன. அந்தப் படத்தோடு நின்றிருந்தால் முறை மாறுவது தெரிந்தே இருக்காது.

அப்புறம் எம்எஸ்பிஏ கதை இருக்கிறதே! 2001இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று அந்தக் கடத்துப்புரதத்தின் வடிவத்தை வெளியிட்டது. அதோடு ஒத்துப்போகாத உயிர்வேதியியல் முடிவுகள் இருந்தும் படத்துக்குத்தான் மதிப்பு. 2006இல் பார்த்தால், அவர்களுடைய சொந்த மென்பொருள் தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டிருந்தது. அதனால் வடிவம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறிவிட்டது. ஐந்து கட்டுரைகளை அவர்களே திரும்பப் பெற்றார்கள். அந்தப் படத்தை நம்பி ஆராய்ச்சியைத் திருப்பியவர்களின் வருடங்களை யார் திருப்பித் தருவது?

கன்னங்குறிச்சி:
அது வலிக்கத்தான் செய்கிறது, சார். ஆனால் அந்தப் பிழை எதனால் வெளியே வந்தது? ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் சாவ்1866 என்ற உறவுக்காரப் புரதத்துக்கு இன்னொரு குழு எடுத்த வடிவத்தால். வடிவத்தைத் திருத்தியது இன்னொரு வடிவம்தான்.

இருந்தாலும் எனக்கு எதிரான உதாரணத்தையும் நானே வைக்கிறேன், மறைப்பதில் நியாயமில்லை. நம் சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட் வெட்டுகிறோமே, அதில் உள்ள மக்னீசியம் பாக்டீரியாவுக்கும் வேண்டும். அதைப் பெரும்பாலும் உள்ளே விடுவது கோர்ஏ, ஐந்து புரதம் கூடிய சேனல். 2006இல் வந்த அதன் வடிவங்கள் எல்லாம் மூடிய நிலை. உள்ளே மக்னீசியம் குறைந்தால் ஐந்தும் ஒழுங்கு கலைந்து விலகுகின்றன என்பது, புரதத்தை உறையவைத்துப் பார்க்கும் க்ரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 2016இல்தான் தெரிந்தது. பத்து வருஷம் நாங்கள் மூடிய கதவைத்தான் காட்டிக்கொண்டிருந்தோம்.

சூரமங்கலம்:
நான் மாணவன், சார். போன மாதம் எங்கள் லேப்பில் பெர்மியேஸின் வேலையை அளந்து பார்த்தேன். லாக்டோஸ் ஒன்று உள்ளே போனால் கூடவே ஒரு புரோட்டானும் போகும், வெளியே இருக்கும் திரவத்தில் அமிலத்தன்மை குறைந்து பிஎச் ஏற வேண்டும் என்று படித்தேன். லாக்டோஸில் வளர்த்த ஈ.கோலையைக் கழுவி, பாஸ்பேட் பஃபரில் கலக்கி, பிஎச் மீட்டரின் மின்முனையை வைத்து லாக்டோஸ் ஊற்றினேன். முள் அசையவே இல்லை. கால் மணி நேரம் கழித்து பிஎச் இறங்கியது! புத்தகம் தப்பா, நான் தப்பா?

மூக்கனேரி:
தம்பி, புத்தகம் சரிதான். நீங்கள் செய்ததில் மூன்று இடம் இடிக்கிறது. பஃபர் என்பதே பிஎச் மாறாமல் காக்கும் கரைசல், அதைப் போட்டால் அந்தச் சின்ன மாற்றத்தை அதுவே விழுங்கிவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் செல்லை நல்ல கெட்டியாகக் கலக்குங்கள். இரண்டாவது, உங்கள் செல் லாக்டோஸைத் தின்று அமிலம் விட்டிருக்கிறது, அதனால்தான் இறங்கியது. லாக்டோஸை உடைக்கும் பீட்டா கேலக்டோசிடேஸ் நொதி இல்லாத இனத்தை எடுத்து, பெர்மியேஸை உண்டாக்க ஐபிடிஜி என்ற வேதிப்பொருளால் தூண்டி, நன்றாகக் கழுவிவிடுங்கள். மூன்றாவது, காற்று இருந்தால் செல் சுவாசித்து புரோட்டானை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டுங்கள். தயோசயனேட் என்ற எதிர்மின் அயனியைக் கொஞ்சம் சேருங்கள். புரோட்டான் கொண்டுவரும் நேர்மின்னூட்டத்தை ஈடுகட்ட அது கூடவே உள்ளே போகும்.

சர்க்கரையோடு புரோட்டானும் சேர்ந்தே போகும் என்று மிட்செல் 1963இல் சொன்னதை இயன் வெஸ்ட் 1970இல் இந்த வழியில்தான் அளந்தார். படம் எதுவும் இல்லை, ஒரு மின்முனைதான்.

கன்னங்குறிச்சி:
சூரமங்கலம் தம்பி, எங்கள் துறையில் நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வாருங்கள். பெர்மியேஸை இந்த வருஷம் பிஎச் மீட்டரில் தொடங்கி, அந்தப் புரோட்டான் எங்கே உட்காருகிறது என்ற கேள்வியோடு வடிவத்துக்குப் போகிறேன். மூக்கனேரி சாரும் வந்து மின்முனையைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் சார், பொட்டாசியம் சேனலை வடிவத்தில்தான் தொடங்குவேன். அதில் மாற்றமில்லை.

மூக்கனேரி:
வருகிறேன். சேனல் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.